டாப்பட் நட்டு திரும்பத் திரும்ப லூஸ் ஆனால் என்ன செய்வது?

கேள்வி: என்னிடம் அப்பா காலத்து அம்பாசடர் இருக்கிறது. பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். பெரம்பூரிலிருந்து மாதத்தில் இரண்டு மூன்று தடவை மாமல்லபுரம் வரை ஓட்டுவேன். டாப்பட் (வால்வுக்கும் அதைத் திறக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி) செட் பண்ணி ஒரு மாதம்கூட ஆவதில்லை, மறுபடி அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. கவரைத் திறந்து பார்த்தால் எப்போதும் அதே இரண்டு வால்வுகள்: முன்பக்கத்திலிருந்து நான்காவது, ஐந்தாவது. மெக்கானிக் 0.015 இன்ச் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்துத்தான் செட் பண்ணுகிறார். இந்த முறை லாக்டைட் (மரையைப் பிடிக்கும் பசை) போட்டுவிடலாம் என்கிறார். நண்பர் ஒருவர் ஸ்பிரிங் வாஷர் போடச் சொல்கிறார். எது சரி?

பதில்: இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். நட்டு உண்மையிலேயே கழல்கிறதா என்பதே இன்னும் தெரியவில்லை. இடைவெளி கூடியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. முதலில் இரண்டில் எது என்று கண்டுபிடித்துவிடுவோம். செலவே இல்லாத வேலை.

அடுத்த முறை செட் பண்ணி முடித்ததும், அந்த இரண்டு ராக்கர்களின் மேல்பகுதியைப் பெட்ரோல் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, இடைவெளியை மாற்றும் ஸ்க்ரூவின் தலை, அதைப் பிடித்திருக்கும் லாக் நட்டு, ராக்கர் ஆர்ம் மூன்றையும் தொட்டபடி நெயில் பாலிஷால் ஒரே நேர்கோடு போடுங்கள். எண்ணெய் இருந்தால் ஒட்டாது, அதனால்தான் துடைக்கச் சொல்கிறேன். பிறகு வழக்கம்போல ஓட்டுங்கள். சத்தம் திரும்பியதும் கவரைத் திறந்து, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கோட்டைப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டோ ஸ்க்ரூவோ நகர்ந்திருக்கிறது. கோடு அப்படியே இருந்து இடைவெளி மட்டும் கூடியிருந்தால், நட்டின் மேல் பழி போடாதீர்கள், குறை வேறு எங்கோ இருக்கிறது.

கோடு உடைந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எல்லா வால்வுகளின் நட்டும் கழன்றால் இறுக்கும் முறையில் தப்பு என்று சொல்லலாம். எட்டில் அதே இரண்டு மட்டும் கழல்கிறது என்றால், அந்த இரண்டு இடத்திலும் உள்ள பாகத்தில் தான் குறை இருக்கும். லாக் நட்டு எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்தால் இது புரியும். நட்டை இறுக்கும்போது அது ராக்கரின் மேல் அழுந்தி ஸ்க்ரூவை மேல்நோக்கி இழுக்கிறது. அந்த இழுவிசை இருக்கும் வரை மரைகள் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்திருக்கும், எதுவும் சுழலாது. இழுவிசை குறைந்தால் போச்சு. 3000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1500 முறை திறந்து மூடுகிறது. அத்தனை அடியிலும் மரைகள் இம்மி இம்மியாக வழுக்கிக் கழன்றுகொண்டே வரும். இதில் இன்னொன்றும் உண்டு. கேம் (ராக்கரை அசைக்கும் சுழல் தண்டின் மேடு), வால்வை மெதுவாகத் திறக்கத் தொடங்குவதற்கென்று ஒரு சாய்வோடு வடிவமைக்கப்பட்டது. இடைவெளி கூடிவிட்டால் அந்தச் சாய்வு முடிந்த பிறகுதான் ராக்கர் வால்வைத் தொடும், அதனால் அடி பலமாக விழும். கொஞ்சம் லூஸ் ஆனது வேகமாக லூஸ் ஆவது இதனால்தான்.

ஆகவே அந்த இரண்டு நட்டையும் ஸ்க்ரூவையும் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். சுத்தம் செய்த ஸ்க்ரூவில் நட்டு விரலாலேயே கடைசி வரை ஓட வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. ஆடினால் மரை தேய்ந்திருக்கிறது. நடுவில் சிக்கினால் யாரோ அளவுக்கு மீறி இறுக்கி மரையை இழுத்துவிட்டிருக்கிறார்கள். நட்டின் அடிப்பக்கத்தையும் ராக்கரில் அது உட்காரும் இடத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் நட்டு சமமாக உட்காரவில்லை. அப்படிப்பட்டதை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

நான் முதலில் சந்தேகப்படுவது வேறொன்றை. இந்த எஞ்சின் பிரிட்டிஷ் வம்சம், மரை அங்குலக் கணக்கு. 5/16 அங்குல மரையின் விட்டம் 7.94 மி.மீ. நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 8 மி.மீ. நட்டுக்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. யு.என்.எஃப். என்னும் அங்குல நுண்மரை வகையில் அங்குலத்துக்கு 24 மரை, அதாவது ஒரு மரைக்கு ஏறத்தாழ 1.06 மி.மீ. அந்த 8 மி.மீ. நட்டிலோ ஒரு மரைக்கு 1 மி.மீ. அல்லது 1.25 மி.மீ. 1 மி.மீ. நட்டு முதல் ஓரிரு சுற்று ஏறிவிடும், பிறகு இறுகும். கைக்கு நல்ல டைட்டாகத் தெரியும். உண்மையில் மரையோடு மரை முட்டிக்கொண்ட இறுக்கம் அது, ராக்கரை அழுத்தவே இல்லை. இத்தனை வருடங்களில் எத்தனையோ கைகள் மாறிய வண்டியில் இப்படி ஒரு நட்டு நுழைந்திருக்க வாய்ப்பு நிறைய. மற்ற ஆறு நட்டுகளுக்குப் போகும் ஸ்பேனர் இந்த இரண்டுக்கும் அதே பிடிப்போடு போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது.

புதிதாக மாற்றும்போது நட்டை மட்டும் மாற்றாதீர்கள், ஸ்க்ரூவையும் ஜோடியாக மாற்றுங்கள். பழைய ஸ்க்ரூவை எடுத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளுக்குப் போய் மரையை ஒப்பிட்டு வாங்கலாம். புதுப்பேட்டையிலும் கிடைக்கும், ஆனால் அங்கே கழற்றிய பாகம் கைக்கு வந்தால் மேலே சொன்ன சோதனையைக் கடையிலேயே செய்து பாருங்கள்.

இப்போது இறுக்கும் முறை. எஞ்சின் சூடு, குளிர் எந்த நிலையில் செட் பண்ண வேண்டும், எவ்வளவு இடைவெளி என்பதை உங்கள் வண்டியின் மேனுவலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எட்டு வால்வு எஞ்சினுக்கு ஒன்பது கணக்கு (இரண்டு வால்வு எண்களும் கூட்டினால் ஒன்பது) எளிது: ஐந்தாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது நான்காவதை செட் பண்ண வேண்டும், நான்காவது திறந்திருக்கும்போது ஐந்தாவதை. ஸ்க்ரூவின் வெட்டில் ஆடாமல் உட்காரும் அகலமான ஸ்க்ரூ டிரைவரால் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டை இறுக்குங்கள். நட்டு திரும்பும்போது ஸ்க்ரூவையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். பத்தில் ஒரு சுற்று நகர்ந்தாலே 0.1 மி.மீ. மாறும், வால்வுப் பக்கத்தில் அது இன்னும் கூடும். நீங்கள் வைக்கும் மொத்த இடைவெளியே 0.38 மி.மீ. தான். எனவே இறுக்கிய பிறகு கேஜை மறுபடி விட்டுப் பார்க்காத செட்டிங் செட்டிங்கே இல்லை. கேஜ் லேசான உரசலோடு போய் வர வேண்டும். ஸ்பேனரில் குழாய் மாட்டி இழுக்காதீர்கள். பாதி ஸ்க்ரூக்கள் அப்படித்தான் கெட்டுப்போகின்றன.

ஸ்பிரிங் வாஷர் பற்றி: பக்கவாட்டு அதிர்வுக்கு எதிராக அது பெரிதாக எதையும் பிடிக்காது. உடைந்தால் துண்டு நேராக எண்ணெய்க்குள் விழும். நைலான் பதித்த நட்டும் வேண்டாம், கொதிக்கும் எண்ணெயில் நைலான் நாளடைவில் கெட்டுவிடும். லாக்டைட் தப்பான பொருள் இல்லை. ஆனால் காற்றில்லாத இடத்தில் சுத்தமான உலோகத்தோடு பட்டால்தான் அது நன்றாக இறுகும். எண்ணெயில் ஊறிய மரையில் மேலாகத் தடவினால் பயனில்லை. சில ராக்கர்களில் எண்ணெய் போகும் நுண்துளையும் உண்டு, அதை அது அடைத்துவிடலாம். தேய்ந்த மரையைப் பசையால் ஒட்டி ஓட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதிய நட்டு, புதிய ஸ்க்ரூ போட்டும் பிரச்சினை நீடித்தால் மட்டும், நடுத்தர வலுவுள்ள நீல ரகம் ஒரு சொட்டு, மரையை முழுக்கச் சுத்தம் செய்த பிறகு. ஒரு இரவு காய விடுங்கள்.

வேறு எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய அமெரிக்க வி8 எஞ்சின்கள் பலவற்றில் ஸ்டட்டின் மேல் இருக்கும் நட்டே இடைவெளியை நிர்ணயிக்கும், தனி லாக் நட்டு கிடையாது. மரையை வேண்டுமென்றே சற்று நசுக்கித் தயாரித்த நட்டு அது. பலமுறை திருப்பித் திருப்பி அந்த இறுக்கம் போய்விட்டால் நட்டை மாற்றுவதுதான் வழி.

இனி, கோடு உடையாத நிலைமை. அடுத்தடுத்த இரண்டு வால்வுகள் சேர்ந்தே அடிப்பதால் ராக்கர் ஷாஃப்ட்டைத் தாங்கும் பீடங்களின் நட்டுகளைப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் சற்று மேலே எழும்பினாலும் இடைவெளி கூடும். ஆனால் அங்கே நீங்களாகக் கை வைக்காதீர்கள். அந்தப் பெரிய நட்டுகள் சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. தளர்த்துவதானால் தண்ணீரை வடித்துவிட்டு, ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் வரிசைப்படி தளர்த்தி, டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால், வால்வைத் தொடும் ராக்கரின் மூக்கில் குழி விழுந்திருக்கிறதா பாருங்கள். குழியின் மேல் கேஜ் பாலம் போல உட்கார்ந்து இடைவெளியைக் குறைத்துக் காட்டும். கடைசியாக, நான்கும் ஐந்தும் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வுகள் என்பதால் ஒன்றாவது, எட்டாவது எக்ஸாஸ்ட்டோடு அவை எவ்வளவு திறக்கின்றன என்பதை டயல் கேஜால் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) ஒப்பிடச் சொல்லுங்கள். குறைவாகத் திறந்தால் கேமும் அதன் மேல் உட்காரும் டாப்பட் என்னும் பாகமும் தேய்ந்திருக்கின்றன. அந்த நிலையில் மறுபடி மறுபடி செட் பண்ணிக்கொண்டிருக்காமல், எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது பற்றி மெக்கானிக்கிடம் பேசுங்கள்.