முதல் கார் பழைய ப்யூக் லெசேபர்: வாங்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன், இதே நிலையில் வருகிறவர்களுக்கும் உதவும். நீங்கள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ட்ராய் நகருக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் தன் 2004 ப்யூக் லெசேபரை 3,200 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். ஓடியது 1,18,000 மைல். அலுவலக நண்பர்களோ, "அது தாத்தா வண்டி, அந்தக் கம்பெனி இருக்கிறதா என்றே தெரியாது, டொயோட்டா கொரோல்லா பார்" என்கிறார்கள். வாங்கலாமா, பாகம் கிடைக்குமா, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடிப்பாகத்தில் துரு தின்றிருக்காவிட்டால் தாராளமாக வாங்கலாம். எஞ்சினை நினைத்துப் பயப்பட வேண்டாம். அதைச் சுற்றியுள்ள சில பிளாஸ்டிக் பாகங்களும் அடியில் பிடிக்கும் துருவும்தான் இந்த வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. இரண்டையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட முடியும்.

கம்பெனி இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸே ப்யூக்கின் மேல் எழுப்பியதுதான். டேவிட் டன்பார் ப்யூக் ஸ்காட்லாந்தில் பிறந்து, டெட்ராய்ட்டில் குழாய்ச் சாமான் தொழிலில் முன்னேறியவர். வார்ப்பிரும்புக் குளியல் தொட்டிக்கு எனாமல் பூசும் முறையில் பேர் வாங்கியவர். 1903-இல் ப்யூக் மோட்டார் கம்பெனி பதிவானது. சீக்கிரமே ஃப்ளின்ட் நகரத்துக்குப் போனது. 1904-இல் வில்லியம் டியூரன்ட் நிர்வாகத்தைக் கையில் எடுத்து, 1908-இல் ப்யூக்கை அடித்தளமாக வைத்து ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கினார். பெயரைக் கொடுத்த ப்யூக் மட்டும் 1929-இல் வறுமையில் இறந்தார். ட்ராயிலிருந்து ஐ-75 நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் ஒரு மணி நேரம் போனால் ஃப்ளின்ட். அங்குள்ள ஸ்லோன் அருங்காட்சியகத்தில் பழைய ப்யூக்குகளைப் பார்க்கலாம். லெசேபர் என்ற பெயரில் 1959 முதல் 2005 வரை வண்டி வந்தது. ஃப்ளின்ட்டின் ப்யூக் சிட்டி ஆலை 1999 ஜூனில் மூடப்பட்டபோது அங்கே கடைசியாக இறங்கியதும் ஒரு லெசேபர்தான். நீங்கள் பார்க்கும் தலைமுறை டெட்ராய்ட் பக்கத்து ஆலைகளில் செய்தது.

2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது பான்டியாக், சாட்டர்ன் எல்லாம் மூடப்பட்டன. ப்யூக் தப்பியதற்குப் பெரிய காரணம் சீனா. 1998 முதல் ஷாங்காயில் ப்யூக் தயாராகிறது, அங்கே அதற்கு நல்ல மதிப்பு. இன்று அமெரிக்காவில் ப்யூக் பெயரில் செடான் கிடையாது, எஸ்.யு.வி. மட்டும்தான். பழைய வண்டிக்குப் பாகம் கிடைப்பதை இது பாதிக்காது. லெசேபரின் எஞ்சினையே பான்டியாக் பான்வில், கிராண்ட் ப்ரீ, ஷெவி இம்பாலா எனப் பல லட்சம் வண்டிகளில் போட்டார்கள். அதனால் பாகம் ஆட்டோசோன் மாதிரிக் கடையிலும் கிடைக்கும், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டிலும் கிடைக்கும்.

அந்த எஞ்சின் 3800 எனப்படும் 3.8 லிட்டர் வி6. இதன் வேர் 1962 ப்யூக் ஸ்பெஷலில் வந்த வி6. ப்யூக் அதன் கருவிகளை 1967-இல் கைசர் ஜீப்புக்கு விற்றுவிட்டது. 1973-இல் பெட்ரோல் நெருக்கடி வந்ததும் சின்ன எஞ்சின் இல்லாமல் திண்டாடி, அடுத்த வருடம் அமெரிக்கன் மோட்டார்ஸிடமிருந்து அதையே திரும்ப வாங்கியது. அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பனிட்டார்கள். 1977-இல் சீரான இடைவெளியில் எரியும்படி கிராங்க் மாறியது, 1988-இல் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டும் 3800 என்ற பெயரும் வந்தன, 1995-இல் இரண்டாம் வரிசை வந்தது. 2008 ஆகஸ்டில் உற்பத்தி நின்றது. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின், 205 குதிரைத்திறன், 87 ஆக்டேன் சாதா பெட்ரோல் போதும். கூலண்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலும் ஒழுங்காக இருந்தால் இரண்டு லட்சம் மைல் தாண்டுவது இதற்குச் சாதாரணம்.

ஒரு எச்சரிக்கை: ப்யூக் என்று எழுதியிருந்தாலே இந்த எஞ்சின் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே காலத்து ப்யூக் சென்சுரியில் 3.1 லிட்டர் எஞ்சின், அது வேறு குடும்பம். ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள அடையாள எண்ணான வின் எண்ணின் எட்டாவது எழுத்து கே என்றால் 3800 இரண்டாம் வரிசை. ப்யூக் ரீகல் பார்த்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து, சூடான எக்ஸாஸ்டில் ஆயில் சொட்டித் தீப்பிடிக்கும் அபாயத்துக்காக அந்த வண்டிகளை ஒன்றுக்கு மேற்பட்ட முறை ரீகால் செய்திருக்கிறார்கள், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனியே திரும்ப அழைத்திருக்கிறது. எந்த வண்டியானாலும் அரசின் வாகனப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் தளத்தில் வின் எண்ணைப் போட்டு ரீகால் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி பிளாஸ்டிக். இரண்டு இடங்கள் முக்கியம்.

முதலாவது, எஞ்சினின் தலையில் உட்கார்ந்து, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேல் இன்டேக் மேனிஃபோல்டு. எக்ஸாஸ்ட் புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பும் ஈ.ஜி.ஆர். குழாய் இதற்குள் நுழைகிறது. அந்தச் சூட்டில் சுற்றியுள்ள பிளாஸ்டிக் நாளடைவில் உருகி உதிர்கிறது. அதை ஒட்டியே கூலண்ட் ஓடும் வழி, நடுவில் மெல்லிய சுவர்தான். சுவர் விட்டால் கூலண்ட் உள்ளே இறங்கும். வண்டி நிற்கும்போது சிலிண்டரில் தேங்கினால் இன்னும் ஆபத்து. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, ஸ்டார்ட் போட்ட நொடியில் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், எஞ்சின் போய்விடும். அறிகுறிகள்: தரையில் சொட்டு இல்லாமலேயே கூலண்ட் குறைவது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் இனிப்பு வாசனையுடன் வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் கசடு.

விற்பவரிடம் "மேல் இன்டேக் மாற்றியிருக்கிறீர்களா, ரசீது இருக்கிறதா" என்று நேராகக் கேளுங்கள். மாற்றவில்லை என்றால் வாங்கிய கையோடு நீங்கள் மாற்ற வேண்டும். டார்மன் மாதிரி நிறுவனங்களின் புதிய மேனிஃபோல்டோடு விட்டம் குறைந்த ஈ.ஜி.ஆர். குழாயும் வரும், குழாய்க்கும் பிளாஸ்டிக்குக்கும் இடைவெளி கூடும். பழைய குழாயை அப்படியே விட்டுப் புதிய பிளாஸ்டிக்கை வைத்தால் சில வருடத்தில் அதே கதைதான். பிரித்த கையோடு கீழ் இன்டேக் கேஸ்கெட்டையும் அலுமினியச் சட்டம் கொண்ட புதிய வகையாக மாற்றச் சொல்லுங்கள். பழையது பிளாஸ்டிக் சட்டம், அதுவும் கசியும். கீழ் இன்டேக் போல்ட்டை முறுக்கும் விசை 11 அடி-பவுண்டு, மேலே 89 அங்குல-பவுண்டு. அலகைப் பாருங்கள்: மேலே உள்ளது அங்குலக் கணக்கு. அடிக் கணக்கென்று நினைத்து முறுக்கினால் புதிய மேனிஃபோல்டு அங்கேயே வெடித்துவிடும். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் யாரும் இதில் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது, ஹீட்டருக்குப் போகும் கூலண்ட் எல்போக்கள். விரல் நீளம்கூட இல்லாத, வளைந்த இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள், பெல்ட் டென்ஷனர் பிராக்கெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். வயதானால் அப்பளம் மாதிரி நொறுங்கும். நெடுஞ்சாலையில் உடைந்தால் சில நிமிடத்தில் கூலண்ட் முழுக்க வெளியே போய்விடும். பாகத்தின் விலை மிகக் குறைவு, சனிக்கிழமை காலை ஒன்று போதும், வீட்டிலேயே செய்யலாம். எஞ்சின் முழுக்க ஆறியதும் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பேட்டரியை பானெட்டுக்குள் தேடாதீர்கள், இந்த வண்டியில் அது பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. கூலண்டை வடித்து, பெல்ட்டைக் கழற்றி, ஆல்டர்னேட்டரை ஒதுக்கி, ஹீட்டர் ஹோஸ்களை விடுவித்து, டென்ஷனர் பிராக்கெட்டின் போல்ட்டுகளை எடுத்து இழுத்தால் எல்போ இரண்டும் பெரும்பாலும் உடைந்தே வரும். துளைக்குள் சிக்கிய துண்டுகளைப் பொறுமையாகக் கொக்கியால் எடுக்க வேண்டும். உள்ளே ஒன்று விழுந்தாலும் கூலண்டோடு சுற்றி எங்காவது அடைக்கும். துளையின் உட்சுவரை மெல்லிய உப்புக்காகிதத்தால் துடைத்து, புதிய எல்போவின் ஓ-ரிங்கைக் கூலண்டில் நனைத்துச் செருகிப் பூட்டுங்கள்.

நிரப்புவது டெக்ஸ்கூல் எனும் ஆரஞ்சு கூலண்ட், பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். பச்சைக் கூலண்டைக் கலக்காதீர்கள். அளவு குறைந்து காற்று புகுந்தாலும் டெக்ஸ்கூல் சேறாகிவிடும். தெர்மோஸ்டாட் மூடியின் மேல் காற்றை வெளியேற்றும் சின்ன திருகு இருக்கிறது. நிரப்பும்போது அதைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலண்ட் வந்ததும் மூடுங்கள். சூடாக இருக்கும்போது தொடவே வேண்டாம்.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். கதவுக் கண்ணாடி ஒருநாள் தடாலென்று உள்ளே இறங்கும், விண்டோ ரெகுலேட்டரின் பிளாஸ்டிக் உடைந்திருக்கும். கியர்பாக்ஸ் 4டி65-இ. கியர் மாறும்போது இடித்து, ஸ்கேனரில் பி1811 என்ற பழுதுக் குறியீடு வந்தால், கியர்பாக்ஸின் ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் கண்ட்ரோல் சாலினாய்டைச் சந்தேகிக்க வேண்டும். கழற்ற ஆள் கூலி அதிகம், அதனால் ஓட்டிப் பார்க்கும்போதே இடி தெரிந்தால் விலையை நன்றாகக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். எஞ்சின் ஆயில் 5டபிள்யூ-30, ஃபில்டரோடு நாலரை குவார்ட்.

துருதான் உண்மையான எதிரி. இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே இரும்பு இற்றுப்போயிருக்கும். கதவுகளுக்குக் கீழ் ஓடும் ராக்கர் பேனலைக் கட்டை விரலால் அழுத்துங்கள். மொறுமொறுவென்றால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. அதைவிட முக்கியம் பிரேக் லைன். பின்பக்கம் போகும் இரும்புக் குழாய்கள் செதில் செதிலாக உரிந்திருந்தால், அவசரமாக மிதிக்கும் நாளில் வெடித்துப் பெடல் தரைக்குப் போய்விடும். மாற்றுவதானால் நிக்கல்-காப்பர் குழாயாகப் போடச் சொல்லுங்கள், அது துருப்பிடிக்காது. மிச்சிகனில் கார்களுக்குக் கட்டாயப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. நம்பர் பிளேட் புதுப்பித்திருப்பதால் வண்டி நல்லது என்று ஆகாது. பணம் கொடுப்பதற்கு முன் ஏதாவது தனி மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கூலி கொடுப்பது வீணல்ல.

பார்க்கப் போகும்போது, ராத்திரி முழுக்க நின்ற வண்டியைத்தான் காட்டச் சொல்ல வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள், குளிர்ந்த ஸ்டார்ட்டில் தெரிய வேண்டியது எதுவும் தெரியாது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் மலிவான ஓ.பி.டி. ஸ்கேனரைச் செருகி, பழுதுக் குறியீடு இருக்கிறதா என்பதோடு, வண்டியின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர்களையும் பாருங்கள். எல்லாமே "முடியவில்லை" என்று காட்டினால் பேட்டரி அண்மையில் கழன்றிருக்க வேண்டும், அல்லது யாரோ பழுதுக் குறியீட்டை அழித்திருக்கிறார்கள். இருபது நிமிடமாவது ஓட்டுங்கள், அதில் பாதி நெடுஞ்சாலையில். ஹீட்டரை முழுதாகப் போட்டுப் பாருங்கள். சூடு வந்து வந்து போனால் கூலண்ட் குறைவு.

கொரோல்லா நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் 3,200 டாலருக்கு இங்கே கிடைக்கும் கொரோல்லா பெரும்பாலும் நிறைய ஓடி, பல கை மாறி வந்ததாக இருக்கும், டொயோட்டா என்ற பெயருக்கே விலை போட்டிருப்பார்கள். ப்யூக்கைப் பெரியவர்கள் மெதுவாக ஓட்டி, ரசீதுகளைக் கவரில் போட்டு வைத்திருப்பார்கள். தாத்தா வண்டி என்று சொல்லும் அதே காரணத்துக்காகத்தான் அதை வாங்க வேண்டும். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்: நெடுஞ்சாலையில் காலனுக்கு 27 மைல் சுற்றி வரும், ஊருக்குள் 18-க்குப் பக்கம்.

வாங்க முடிவானால், பெரியவரோடு சேர்ந்தே இங்கே வண்டிப் பதிவைப் பார்க்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்குப் போய் டைட்டிலை, அதாவது உரிமைப் பத்திரத்தை, மாற்றுங்கள். டைட்டிலில் சால்வேஜ் (பெருஞ்சேதம் அடைந்த வண்டி) என்றோ, கடன் பாக்கி என்றோ இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 6 சதவீத வரி அங்கேயே கட்ட வேண்டும். பெயர் மாற்ற 15 நாள் கெடு. பழைய பிளேட் அவருடையது, கழற்றிக்கொண்டு போய்விடுவார். இன்சூரன்ஸை முதல் நாளே எடுத்துவிடுங்கள், அது இல்லாமல் பிளேட் தரமாட்டார்கள். இந்த விலை வண்டிக்கு, மோதலில் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான கொலிஷன் கவரேஜ் தேவையில்லை. மருத்துவச் செலவுக்கான பி.ஐ.பி. அளவை மட்டும், 2020 முதல் குறைத்துக்கொள்ளலாம் என்பதற்காக அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். உங்கள் அலுவலக மருத்துவக் காப்பீடு கார் விபத்துக்குப் பணம் தருமா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.