ஹவாய் சிப்பாய்

அன்புள்ள ஐயா,

இந்திய விமானப்படை பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். 1965 போரில் தளபதியாக இருந்த அர்ஜன் சிங்குக்கு ஒரு வரி, செகோனுக்கு ஒரு வரி. ஆனால் ஹர்ஜிந்தர் சிங் என்ற மெக்கானிக்குக்கு மூன்று பத்தி! பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரரான செகோனுக்கு இவ்வளவுதான் இடமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கோபம் நியாயம்தான். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தை பாகிஸ்தானின் ஆறு சேபர் போர் விமானங்கள் தாக்கிக்கொண்டிருந்தபோது, குண்டு விழும் ஓடுபாதையிலிருந்தே தன் சின்ன ‘நாட்’ போர் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போனவர் நிர்மல் ஜித் சிங் செகோன். அவருக்குச் சிலைகள் இருக்கின்றன. ஹர்ஜிந்தரை யார் சொல்வார்கள் என்றுதான் எழுதினேன்.

விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு, 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் தொடங்கியபோது இருந்தவை நான்கே நான்கு வாபிட்டி விமானங்கள். தரைவேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு ‘ஹவாய் சிப்பாய்’, அதாவது வான் சிப்பாய், என்று பெயர். கடைசிப் படிநிலை அது. லாகூரில் பொறியியல் படித்த ஹர்ஜிந்தர் அந்த வேலைக்குத்தான் போய்ச் சேர்ந்தார். இந்தியர்களால் விமானத்தைப் பராமரிக்க முடியாது என்று ஆங்கிலேயர்கள் வெளிப்படையாகவே பேசிய காலம்.

1942இல் பர்மா. விமானி மஜும்தார் தலைமை வகித்த அந்த முதல் ஸ்குவாட்ரனிடம் இருந்தது லைசாண்டர். வேவு பார்க்கவும் தரைப்படைக்கு உதவவும் செய்த விமானம், குண்டுவீச்சு விமானமே அல்ல. அதில் 250 பவுண்டு குண்டுகளைத் தொங்கவிட வழி செய்தவர் ஹர்ஜிந்தர். அதை வைத்துக்கொண்டு மஜும்தார் ஜப்பானியரின் விமானத்தளத்தைப் போய் அடித்தார். பதக்கம் விமானிக்கு வந்தது. அது இயல்புதான், குறையாகச் சொல்லவில்லை.

அதே சிப்பாய் ஏர் வைஸ் மார்ஷல் என்ற உயர் பதவி வரை உயர்ந்தார். கான்பூரில் அவர் பொறுப்பில் உருவான முதல் ஆவ்ரோ போக்குவரத்து விமானம் 1961 நவம்பரில் பறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டோக்கியோவில் இறந்த விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் நினைவாக அதற்கு ‘சுப்ரதோ’ என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1948 மே 24 அன்று விமானப்படை அதிகாரி மெஹர் சிங் லடாக்கின் லே நகரில் டகோட்டா விமானத்தை இறக்கியது பலருக்கும் தெரியும். பத்தாயிரம் அடிக்கு மேலான உயரம், உடன் வந்தவர் ஜெனரல் திம்மய்யா. சரி, அந்த ஓடுபாதையைப் போட்டது யார்? சோனம் நோர்பு என்ற லடாக்கியப் பொறியாளர், ஊர்மக்களை வைத்துக்கொண்டு. அவர் விமானப்படைக்காரரே இல்லை. எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

அர்ஜன் சிங்கை ஒரு வரியில் முடித்தது என் சோம்பல், ஒப்புக்கொள்கிறேன். செகோனைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதுகிறேன். அதிலும் அந்த ‘நாட்’ விமானத்தைக் காலையில் தயார் செய்து வைத்தவர்கள் வருவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.