பழைய காரில் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது, நானே மாற்றலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கார் பழையது, ஹீட்டர் கோர் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாக ஓடி, காருக்குள் வரும் காற்றைச் சூடேற்றும் பாகம்) ஒழுகுகிறது, ஹீட்டர் போட்டால் இனிப்பான ஒரு வாடை வருகிறது, முன் இருக்கையில் கால் வைக்கும் இடம் ஈரமாக இருக்கிறது. மெக்கானிக் டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும் என்கிறார். நானே செய்யலாமா, இல்லை கோருக்குப் போய்வரும் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து, கோரை விட்டுவிட்டு பைபாஸ் செய்து ஓட்டலாமா?

படித்ததும் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்த வேலையை ஒரே காரில் இரண்டு முறை செய்தவன் நான். யாராவது ஒருவர் எனக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தால் இரண்டாவது முறைக்கு அவசியமே இருந்திருக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய கோரை மாட்டிய கையோடு டாஷ்போர்டை மூடாதீர்கள். கூலன்ட் ஊற்றி, இன்ஜினை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் விரலால் தடவிப் பார்த்த பிறகு மூடுங்கள்.

செய்யலாமா என்றால், பொறுமையும் இரண்டு வார இறுதிகளும் இருந்தால் செய்யலாம். நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. பிரேக், ஆயில், பெல்ட் வரை சொந்தமாகப் பார்த்துக்கொள்பவன், அவ்வளவுதான்.

ஆனால் முதலில், ஒழுகுவது ஹீட்டர் கோர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எனக்கு இந்த இடத்தில்தான் மூன்று மாதம் போனது. அது அப்பா வாங்கிய கார். அவருக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து வருவதுதான் பிடிக்கும். ஒருநாள் இறங்கும்போது, "காலெல்லாம் ஈரமா இருக்கே, தண்ணி பாட்டில் கொட்டிடுச்சா?" என்றார். மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஏசி தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்திருக்கிறது என்று சொல்லிச் சுத்தம் செய்து கொடுத்தார். இரண்டு வாரத்தில் மறுபடி ஈரம். மறுபடி அதே குழாய், அதே சுத்தம். ஏசியையே போடாத நாட்களிலும் ஈரமாகிறது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. மெக்கானிக்குகள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லோரையும் சொல்லவில்லை. வண்டியோடு தினமும் இருப்பவன் சொல்வதை ஒரு நிமிடம் கேட்டிருக்கலாம் என்கிற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளை டிஷ்யூ பேப்பரை அந்த ஈரத்தில் ஒற்றி எடுங்கள். ஏசித் தண்ணீர் என்றால் நிறம் இருக்காது, வாடை இருக்காது, விரலில் தேய்த்தால் வெறும் தண்ணீராகத்தான் இருக்கும். கூலன்ட் என்றால் பச்சையோ சிவப்போ ஒரு சாயல் தெரியும், விரலில் வழுவழுப்பாக ஒட்டும். கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசியது போல மங்கலாக இருந்து, துடைத்த மறுநாளே மறுபடி படிந்தால், சந்தேகமே வேண்டாம். கூலன்ட் ஆவியாகிக் காற்றோடு வந்து கண்ணாடியில் படிகிறது என்று அர்த்தம். ரிசர்வ் டேங்கில் அளவு குறைந்துகொண்டே வந்து, வண்டிக்கு அடியில் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை என்பதும், மேலே சொன்னவற்றோடு சேர்ந்தால், இதே கதைதான். என் வண்டியில் இத்தனையும் இருந்தன.

அப்புறம் நான் செய்த தவறு, லீக்கை அடைக்கும் பவுடரை ரேடியேட்டரில் போட்டது. சில வாரம் நின்றது, உண்மை. ஹீட்டர் கோர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர், அதன் குழாய்கள் மிக மெல்லியவை. ஓட்டையை அடைக்கிற பொருள் அந்தக் குழாய்களையும் சேர்த்து அடைக்கும். ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றுதான் வந்தது, பிறகு லீக்கும் திரும்பி வந்தது. "எனக்கு அந்தப் பவுடர் வருஷக்கணக்காக வேலை செய்கிறது" என்று பின்னூட்டத்தில் நிச்சயம் ஒருவர் எழுதுவார். அவருக்கு நன்றாக இருக்கட்டும். என் வண்டியில் நடந்ததைத்தான் நான் சொல்ல முடியும்.

பைபாஸ் பற்றி. உள்ளே போகும் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும் பானெட்டுக்குள்ளேயே இணைத்துவிட்டால் கூலன்ட் காருக்குள் வராது, இன்ஜினும் ஓடும். பாகம் வந்து சேரும் வரை நானும் அப்படித்தான் ஓட்டினேன். ஹோஸை வெறுமனே அடைத்துவிடாதீர்கள். சில இன்ஜின்களில் கூலன்ட் சுற்றி வருவதற்கு அந்தப் பாதை தேவைப்படுகிறது. ஆனால் இதையே நிரந்தரமாக வைத்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குளிர் இல்லாத ஊரில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள், மழையில் கண்ணாடி உள்பக்கம் மூடிக்கொள்ளும்போது சூடான காற்றுதான் அதை வேகமாகத் தெளிய வைக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். எதிரே வருவது தெரியாமல் ஓட்டிய ஒரு மாலைக்குப் பிறகுதான் நான் பாகத்தை அவசரப்படுத்தி வாங்கினேன்.

இனி வேலைக்கு வருவோம். சில வண்டிகளில் பக்கவாட்டில் ஒரு மூடியைத் திறந்து கோரை உருவி எடுத்துவிடலாம், டாஷ்போர்டைத் தொடவே வேண்டாம். உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலை முதலில் பாருங்கள். என் வண்டியில் டாஷ்போர்டு வெளியே வந்தே ஆக வேண்டியிருந்தது. ஹீட்டர் கோரும் ஏசி எவாப்பரேட்டரும் (ஏசியில் காற்றைக் குளிர வைக்கும் பாகம்) ஒரே பெட்டிக்குள் இருந்து, அந்தப் பெட்டியையே எடுக்க வேண்டிய வண்டி என்றால், அதற்கான இயந்திரம் வைத்திருப்பவரிடம் வண்டியைக் கொடுத்து, ஏசிக்குள் இருக்கும் வாயுவை முறையாக எடுத்துவிட்டுத்தான் குழாயைக் கழற்ற வேண்டும். காற்றில் திறந்து விடக்கூடாது. எனக்கு அந்த நிலை வரவில்லை, பெட்டியின் ஓரத்தில் நாலு ஸ்க்ரூ எடுத்ததும் கோர் நழுவி வந்தது.

ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பேட்டரி வயரைக் கழற்றி, மேனுவலில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருந்த பிறகே ஸ்டியரிங் பக்கம் கை வையுங்கள். இதில் அவசரம் காட்டாதீர்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் 15 பிஎஸ்ஐ (டயர் காற்றுக்குச் சொல்லும் அதே அலகு) அளவுக்கு இருக்கும், 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் திரவம் திறந்ததும் முகத்தில் அடிக்கும். வடித்த கூலன்டைத் திறந்த தட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் உயிர் போய்விடும்.

ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் காரின் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தகடு) இருக்கும் இரண்டு ஹோஸும் வருஷக்கணக்கில் இறுகிப் போயிருக்கும். முறுக்கி இழுத்தால் கோரின் குழாய் வளையும், உடையும். ஹோஸ் எப்படியும் பழசு, கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். கழற்றும் ஒவ்வொரு கப்ளரையும் (வயர்களை இணைக்கும் சொருகி) ஃபோட்டோ எடுங்கள். ஸ்க்ரூக்களை எந்த இடத்தில் எடுத்தீர்களோ அந்தப் பெயர் எழுதிய தனித்தனிக் கவர்களில் போடுங்கள்.

கருவிகள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஸ்டியரிங் கம்பத்தின் போல்ட்டை முறுக்க டார்க் ரென்ச், அதாவது எவ்வளவு இறுக்கம் என்று அளவு வைத்து முறுக்கும் ஸ்பேனர், வேண்டும். என்னிடம் நல்ல டார்க் ரென்ச் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு என்று வாங்கிப் போய், கேட்டுக் கேட்டு ஐந்து மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். அளவைக் குறைத்து ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைக்க வேண்டிய கருவி அது. முழு இறுக்கத்தில் அப்படியே அலமாரியில் கிடந்திருக்கிறது. அதற்குப் பிறகு அது காட்டும் அளவை நான் நம்பவில்லை, புதிது வாங்கினேன். "ஒரு ஸ்பேனருக்கு இவ்வளவு கோபமா?" என்று அவர் கேட்டதுதான் இன்னும் வலிக்கிறது. இரவல் வாங்குபவர்கள் அந்தப் பொருளை எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். சரி, விடுங்கள்.

பழைய கோரை எடுத்து ஒரு தட்டில் கவிழ்த்தபோது செம்பழுப்பு நிறத்தில் சேறு வந்தது. கூலன்ட் குறையும்போதெல்லாம் அப்பா குழாய்த் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை, அவர் ஓட்டிப் பழகிய பழைய வண்டிகளில் எல்லோரும் செய்தது அதுதான். கூலன்டில் துருவைத் தடுக்கும் வேதிப்பொருட்கள் இருக்கின்றன. தண்ணீர் ஊற்ற ஊற்ற அவை நீர்த்துப்போகும், நாளாக ஆகச் செலவாகியும் போகும், அப்புறம் உலோகம் அரிக்கத் தொடங்கும். அதனால் கோரை மட்டும் மாற்றிவிட்டு அதே அழுக்கை உள்ளே ஓட விடாதீர்கள். முழு அமைப்பையும் சுத்தமான தண்ணீரால் அலசி, மேனுவலில் சொன்ன கூலன்டை, கலக்க வேண்டியது என்றால் காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றைக் கூலன்டிலும் (உலோகத்தைத் தொடாமல்) வைத்தால் 0.3 வோல்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் எர்த் வயர் எங்கோ சரியில்லாமல் இருக்கலாம், அந்த மின்சாரமே புதிய கோரையும் அரிக்கும்.

புதிய கோரைச் சுற்றி ஸ்பாஞ்ச் பட்டைகளை மறக்காமல் ஒட்டுங்கள். அவை இல்லாவிட்டால் காற்று கோருக்குள் போகாமல் ஓரத்தில் நழுவிப் போய்விடும், சூடு வராது.

என் முதல் முறை எங்கே கெட்டது என்றால், குழாய் வந்து சேரும் இடத்தில் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில். அதை உலர்ந்த நிலையிலேயே அழுத்தி மாட்டினேன். ஞாயிறு இரவுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் சோதிக்காமலே டாஷ்போர்டை ஏற்றி, எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கி, கார்ப்பெட்டையும் விரித்துவிட்டேன். மறுநாள் காலை வண்டியை எடுத்தேன், பத்து நிமிடத்தில் அதே இனிப்பு வாடை. அந்த நிமிடம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங் மடங்கி, ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. மாட்டுவதற்கு முன் கொஞ்சம் கூலன்டைத் தடவியிருந்தால் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது முறை கழற்றப் பாதி நேரம்தான் ஆனது. கோரை மாட்டி, ஹோஸ்களை இணைத்து, டாஷ்போர்டு இல்லாமலே பேட்டரியைக் கொடுத்தேன். அதற்கு முன் கழற்றிக் கிடந்த ஏர்பேக் வயர்களை மாட்ட வேண்டியிருந்தால் மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்து நிற்கும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்துக் கூலன்டை மெல்ல ஊற்றினேன். உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வந்து தீரும் வரை காத்திருந்து, பிறகு மூடியைப் போட்டு ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை இன்ஜினை ஓட விட்டேன். காற்று சிக்கியிருந்தால் டெம்பரேச்சர் முள் திடீரென்று ஏறும், ஹீட்டரில் குளிர்ந்த காற்று வரும், அதைக் கவனியுங்கள். பிரஷர் டெஸ்டர் கிடைத்தால் இன்னும் நல்லது, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி முள் இறங்குகிறதா என்று பார்க்கலாம். இணைப்புகளைச் சுற்றி டிஷ்யூவைக் கட்டிவிட்டு ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் உலர்ந்திருந்தது. அதன் பிறகுதான் டாஷ்போர்டை ஏற்றினேன்.

கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் கூலன்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதைத் தனியாக எடுத்து, பல தடவை அலசி, வெயிலில் போடாவிட்டால் வாடை மாதக்கணக்கில் போகாது, லீக் நின்றதா இல்லையா என்றும் தெரியாது. நான் ஒரு வாரம் வெறும் தகரத் தரையோடு ஓட்டி, தினமும் அங்கே ஒரு புது டிஷ்யூ விரித்தேன். எட்டாவது நாள் கார்ப்பெட்டைப் போட்டுவிட்டு அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஏறியதும் அவர் குனிந்து தரையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்.