அழ வெச்சது படமா, ஆர்.ஆர்.ங்கிற பின்னணி இசையா? கேளுங்க, சொல்றேன்

கடலூர்க்காரன் நான், சென்னைல பல வருஷம் எடிட்டிங் பண்ணிட்டு இப்ப மஞ்சக்குப்பத்துல செட்டில். படம் நம்மள எப்படி அழ வைக்குதுன்னு கேட்டிருந்தீங்க, தெரிஞ்சத சொல்றேன்.

நெல்லிக்குப்பம் தம்பி: அண்ணே, படம் மொக்கைன்னு தெரிஞ்சும் அம்மா சாகுற சீன்ல கண்ணு கலங்குதே?

நீ உங்க அம்மாவ நெனச்சு அழுவுற தம்பி. அந்தப் படத்து அம்மா இட்லி ஊட்டுனதத் தவிர என்ன பண்ணாங்கன்னு கேட்டா உனக்கே சொல்லத் தெரியாது, எழுதியிருந்தா தான. மிச்சத்த வயலினும் புல்லாங்குழலும் பாத்துக்குது. அதே சீன மியூட்ல போட்டுப் பாரு, அப்பவும் தொண்டை அடச்சுதுன்னா எழுத்து நல்லாருக்கு, இல்லன்னா ஆர்.ஆர். பண்ணவருக்குத்தான் சம்பளம் ஏத்தணும்.

லாஸ்பேட்டை அக்கா: நடிப்பு நல்லா இருந்தா அழுகை வரப்போகுது, எடிட்டருக்கு இதுல என்னங்க வேலை?

அக்கா, ரஷ்யாவுல லெவ் குலெஷோவ்னு ஒரு டைரக்டர், 1920 வாக்குல, ஒரு நடிகரோட சும்மா இருக்குற முகத்த எடுத்து சூப்பு தட்டு, சவப்பெட்டில ஒரு குழந்தை, ஒரு பொண்ணுன்னு மாத்தி மாத்தி ஒட்டிக் காட்டுனாராம், முகம் ஒண்ணேதான், ஆனா பாத்தவங்க பசி சோகம் ஆசைன்னு பிரிச்சு என்னமா நடிக்கிறாருன்னு பாராட்டுனதா சொல்லுவாங்க. நானும் பண்ணிருக்கேன். டைரக்டர் எப்ப கட் சொல்வாருன்னு ஒரு ஹீரோயின் வெறுமனே பாத்துட்டு நின்ன துண்டு, குப்பைல போக வேண்டியது, அத அவங்க அப்பா போட்டோவுக்கு அடுத்து ஒட்டி 2 செகண்ட், அதாவது 48 ஃப்ரேம், கூட விட்டேன். பிரிவியூல பக்கத்து சீட்டுக்காரர் மூக்க சிந்துறாரு! சந்தோஷமாவும் இருந்துச்சு, கொஞ்சம் திருட்டுத்தனமாவும் இருந்துச்சு.

முத்தியால்பேட்டை ஸ்டூடண்ட்: பேய்ப்படத்துல திடுக்குன்னு ஆகுறது?

மொதல்ல சத்தத்த நல்லா கொறச்சு உன் காத தீட்ட வெச்சிட்டு அப்புறம் டமால். பூனை வந்தாலும் அலறுவ.

அதே ஸ்டூடண்ட்: அப்ப இதெல்லாம் ஏமாத்து வேலையா சார்?

உங்க பாண்டிச்சேரிய ஆண்ட பிரெஞ்சுக்காரங்க நாட்டுல, 19ஆம் நூற்றாண்டு பாரிஸ் நாடகக் கொட்டாய்ல, கை தட்ட கூலிக்கு ஆள் வெச்சாங்க, கர்ச்சீப்போட அழ பொம்பளைங்களயும் வெச்சாங்க. கூலிக்கு மாரடிக்கிறதுதான். இங்க நம்ம தெருக்கூத்துல எல்லாரும் உருகிக் கிடக்குற நேரத்துல கட்டியங்காரன்னு வர்ற கோமாளி பூந்து நக்கலடிச்சு கொஞ்சம் தெளிய வெச்சிடுவான். எனக்கு அதுதான் நேர்மையாப் படுது. அழ வைக்கட்டும், அழுதத வெச்சு கதைல இருக்குற ஓட்டைய மறைக்கும்போதுதான் கோவம் வருது.

தேவனாம்பட்டினம் தங்கச்சி: டிவில பெரிய அலை சீன் வந்தா அம்மா எழுந்து வெளில போயிடுறாங்க, 2004லேருந்தே. வெறும் படம்மான்னு சொல்லிப் பாத்துட்டேன்ணே.

சொல்லாதம்மா, போக விடு. டிசம்பர் 26 நம்ம கரைல நடந்தது அவங்களுக்குப் படம் இல்லியே. மேல தம்பிக்கு மியூட் போடுன்னு பெருசா சொன்னேன்ல, அந்த மாதிரி சீன் வந்தா நானும் மியூட்தான் போடுறேன், அப்பவும் சத்தம் கேக்குது.