8 மாதக் குழந்தை மிக்ஸியில் அரைத்தால்தான் சாப்பிடுகிறான், எப்போது மாற்றுவது?

கேள்வி: என் மகனுக்கு 8 மாதம். சாதம், பருப்பு, காய் எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்துத்தான் கொடுக்கிறேன். ஒரு பருக்கை முழுசாகப் போனாலும் குமட்டி வெளியே தள்ளிவிடுகிறான். பல் வந்த பிறகு மாற்றினால் போதுமா?

பல்லுக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே மிக்ஸியை ஓரமாக எடுத்து வையுங்கள். என் மூத்த மகளிடம் நான் இதே தவறைச் செய்து, அதைச் சரிசெய்ய ஆறு மாதம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவளுக்கு 13 மாதம் வரைக்கும் எல்லாமே சின்ன ஜாரில்தான். சாதம், பருப்பு, கேரட், கொஞ்சம் வெந்நீர். விரலில் தொட்டுப் பார்த்து, திப்பி எதுவும் தட்டுப்படவில்லை என்றால்தான் எனக்கு நிம்மதி. தொண்டையில் அடைத்துக்கொள்ளுமோ என்ற பயம்தான், வேறென்ன. ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா ஆசையாக ஒரு வாய் பருப்புச் சாதம் ஊட்டினார்கள். இவள் வாயைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு அழுதாள். நாக்கின் மேல் பருக்கைகள் அப்படியே உட்கார்ந்திருந்தன. விழுங்கவும் தெரியவில்லை, துப்பவும் தெரியவில்லை. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

குழந்தை மருத்துவரிடம் போனபோது, அவர் திட்டாமல் விளக்கினார். பால் குடிக்கும் குழந்தையின் நாக்கு முன்னும் பின்னும் மட்டும்தான் போய் வரும். மெல்ல வேண்டுமானால் உணவைப் பக்கவாட்டில் ஈறுக்குத் தள்ளத் தெரிய வேண்டும். வாயில் மெல்ல ஏதாவது இருந்தால்தான் நாக்கு அதைக் கற்றுக்கொள்ளும். அரைத்த கூழ் சும்மா வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது, நாக்குக்கு வேலையே இல்லை. பல்லைப் பொறுத்தவரை, அரைக்கும் கடைவாய்ப் பற்கள் பொதுவாக ஒரு வயதுக்கு மேல்தான் வரும். அதுவரை நன்றாக வெந்ததை நசுக்க ஈறே போதும். உங்கள் சுண்டுவிரலைக் கழுவிவிட்டு அவன் வாயில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு பலம் என்று தெரியும்.

இங்கிலாந்தில் ஏவன் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. 9 மாதத்துக்குப் பிறகுதான் முழுசாக மசிக்காத உணவு பழகிய குழந்தைகள் 7 வயதிலும் காய், பழ வகைகளைக் குறைவாகவே சாப்பிட்டார்கள், சாப்பாட்டில் அடமும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. உங்கள் மகனுக்கு 8 மாதம்தான். சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது மகன் பிறந்தபோது ஊட்டுகிற பொறுப்பை என் அத்தை (மாமியார்) எடுத்துக்கொண்டார். ஈரோடு பக்கம் கிராமத்தில் நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். "ஏங்கண்ணு, கை இருக்கறப்ப மிசினு எதுக்கு?" என்று கேட்டார். அவர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குழைய வெந்த சாதம், அதன் மேல் சூடான பருப்பு, அரை ஸ்பூன் நெய். கிண்ணத்தின் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி இழுப்பார். முதல் வாரம் மாவு போலவே இருந்தது. இரண்டாவது வாரம் முக்கால்வாசி மசித்து, மீதியை அப்படியே விட்டார். அப்புறம் பாதிக்குப் பாதி. இவன் குமட்டினால் அவர் கை நின்றுவிடும். முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். அவன் சப்புக்கொட்டி வாயைத் திறந்த பிறகுதான் அடுத்த வாய். ஒரு கிண்ணம் காலியாக முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்கிறது, அவர் ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை.

அத்தை சொன்ன எல்லாவற்றையும் நான் கேட்டுவிடவில்லை. நான்காம் மாதமே சோறு ஊட்டலாம் என்றார். அவர் காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். 2001க்குப் பிறகுதான் உலக சுகாதார அமைப்பு, முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்று சொல்லத் தொடங்கியது. அதைப் பொறுமையாகச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். தேன் நாக்கில் வைக்க மட்டும் நான் விடவே இல்லை. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். குமட்டுவது வேறு, அடைத்துக்கொள்வது வேறு. குமட்டலைத் தூண்டும் இடம் சின்னக் குழந்தைகளுக்கு நாக்கில் நன்றாக முன்னால் இருக்கும், பழகப் பழகப் பின்னால் போகும். அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் குமட்டுகிறான். முகம் சிவக்கும், இருமுவான், சத்தம் வரும், உணவு வெளியே வரும். அது அவனுடைய பாதுகாப்பு. உண்மையாக அடைத்துக்கொண்டால் சத்தமே வராது, மூச்சு விட முடியாது, உதடு நீலமாகும். அப்போது குழந்தையை முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். வராவிட்டால் திருப்பிப் போட்டு நடுநெஞ்சில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை அழுத்தி, மறுபடி தட்ட வேண்டும். கூட இருப்பவர் 108க்கு அழைக்கட்டும். வீட்டில் எல்லோரும் இதை ஒருமுறை நேரில் கற்றுக்கொள்வது நல்லது. முழு நிலக்கடலை, முழு திராட்சை, பச்சைக் கேரட் துண்டு, மிட்டாய் இவையெல்லாம் கையில் எட்டாத இடத்தில் இருக்கட்டும். படுத்துக்கொண்டோ தவழ்ந்துகொண்டோ இருக்கும்போது ஊட்டாதீர்கள்.

அரைக்கும்போது நாம் தண்ணீரையும் கூட ஊற்றிவிடுகிறோம், அதையும் கவனியுங்கள். குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லிதான் பிடிக்கும். 8 கிலோ குழந்தை என்றால் 240 மில்லி, பெரிய டம்ளரில் ஒன்று. அதைப் பருப்புத் தண்ணீரால் நிரப்பினால் வயிறுதான் நிறையும், சத்து சேராது. ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கிற பதம்தான் சரி. ராகிக் கூழ் கொடுப்பதாக இருந்தால் முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவில் காய்ச்சுங்கள். முளைக்கும்போது உண்டாகும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால், மாவைக் கூடப் போட்டாலும் கூழ் களி மாதிரி இறுகாது. பிறக்கும்போது உடம்பில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து 6 மாதத்தோடு குறைந்துவிடும், அதனால் முட்டை, மீன், ஈரல் ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும். சைவம் என்றால் பருப்பு, கீரையோடு இரண்டு சொட்டு எலுமிச்சை.

அப்புறம், கையில் கொடுங்கள். இட்லித் துண்டு, குழைய வெந்த பூசணி, வாழைப்பழம். இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் நசுங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இப்போது உள்ளங்கையால் அள்ளிப் பிசைவான். 9 மாத வாக்கில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கப் பழகும். என் மகன் ஒரு மத்தியானம் தட்டில் கிடந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தான். பத்து நிமிடத்தில் வாய்க்குப் போனது நான்கே பருக்கை. ஒவ்வொன்றையும் வாயில் போடுமுன் என்னைப் பார்த்துக் காட்டிவிட்டுப் போட்டான்.

இரண்டு மூன்று வாரம் தினமும் முயன்றும் மசித்ததைக்கூட ஏற்கவில்லை, தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது, எடை ஏறவில்லை, பிடிப்பில்லாமல் உட்கார முடியவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம். அப்படி எதுவும் இல்லையென்றால் இன்று ராத்திரிச் சாதத்தை ஜாரில் போடாமல் கிண்ணத்தில் கையால் மசியுங்கள். நான்கு பருக்கையை மட்டும் மசிக்காமல் விடுங்கள்.