வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

இடையில் விட்ட படிப்பைத் தொடர நினைக்கும் பெரியவர்களும் அவர்களுக்குச் சொல்லித்தருகிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை. மாலை வகுப்புகளில் பெரியவர்களுக்குக் கற்பித்துவரும் ஆசிரியை பதில் சொல்கிறார்.

டீச்சர், ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். இப்போது 43 வயது, கரூரில் ஜவுளி கம்பெனியில் சூப்பர்வைசர். பத்தாவதுக்கான ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதிப் பாஸ் பண்ண முடியுமா?

ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (என்.ஐ.ஓ.எஸ்) ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் 9 பொதுத்தேர்வு வாய்ப்புகள் உண்டு. இந்தத் தடவை ஒரு பாடம், அடுத்த தடவை இரண்டு என்று எழுதலாம். பாஸான பாடம் உங்கள் கணக்கில் நின்றுவிடும். கணக்குப் பாடம் கட்டாயமில்லை, தமிழ் வழியிலும் எழுதலாம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பதவி உயர்வுக்காகவா, மேற்கொண்டு டிப்ளமோ சேரவா, மனத்திருப்திக்காகவா என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். பதவி உயர்வு என்றால் எந்தெந்தப் பாடம் இருந்தால் ஏற்பார்கள் என்று கம்பெனியில் கேட்டுவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதலில் உங்களுக்குப் பிடித்த பாடத்தை எழுதுங்கள். கஷ்டமானதை முதலில் முடிக்கச் சொல்கிறவர்கள், எட்டு மணி நேரம் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து புத்தகத்தைத் திறந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

நான் தன்னார்வலர். வகுப்புக்கு வருகிற அக்காக்களிடம் “என்ன படிக்கலாம், நீங்களே சொல்லுங்கள்” என்றால் முகம் வாடிவிடுகிறது. “நீங்க சொல்லுங்க தம்பி, நாங்க எழுதிக்கிறோம்” என்கிறார்கள்.

தம்பி, அவர்கள் மேல் தவறில்லை. ஆசிரியர் சொல்ல, மாணவர் எழுத, தப்பானால் அடி விழ என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த பள்ளிக்கூடம். வெறுமனே “என்ன வேண்டும்” என்று கேட்டால் யாருக்குமே பதில் வராது. வீட்டில் புரியாமல் கிடக்கிற காகிதம் ஒன்றை எடுத்துவரச் சொல்லுங்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு அக்கா கடன் தவணை எழுதிய அட்டையைக் கொண்டுவந்தார். 50,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 12 சதவீதம், 12 மாதத் தவணை. மாதம் 4,667 ரூபாய். “அசல்தான் மாசாமாசம் குறையுதே, வட்டி மட்டும் ஏன் குறையல?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அன்றைய பாடம். கடைசி மாதம் வரை முழு 50,000-க்கும் வட்டி போட்டால் 6,000 ரூபாய். மீதமுள்ள அசலுக்கு மட்டும் அதே 12 சதவீதம் போட்டால் தவணை சுமார் 4,442 ரூபாய், மொத்த வட்டி சுமார் 3,300 தான். கரும்பலகையில் மாதம் மாதமாகக் கழித்துக்கொண்டே போனது அந்த அக்காவும் அவருடைய குழுவினரும்தான். நான் சாக்பீஸ் எடுத்துக்கொடுத்தேன். அடுத்த வாரம் என்ன படிப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்துவிட்டார்கள்.

ஆரம்பத்தில் சின்னச் சின்ன முடிவுகளாக விடுங்கள். எந்தக் கணக்கு முதலில், தனியாகவா சேர்ந்தா, எப்போது சோதித்துப் பார்ப்பது. பாடத்திட்டத்தை முதல் நாளே கையில் கொடுத்து “நீங்களே பாருங்கள்” என்பது கைவிடுவதுதான்.

நாலு தடவை படித்தாலும் ஒரு வாரத்தில் மறந்துபோகிறது. வயதாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

வயது மட்டும் காரணமில்லை, படிக்கிற விதமும்தான். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரு தடவை மட்டும் படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இத்தனைக்கும் படித்த ஐந்தாவது நிமிடத்தில் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். “வந்துவிட்டது” என்ற அந்த நினைப்பை நம்பாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிருப்பதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பில் சேருங்கள். நாளை எதைப் படிக்க வேண்டும் என்று அந்தச் சிவப்பு மை காட்டிவிடும்.

அப்படியானால் ஆசிரியரே வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். தப்பான வழியில் ஒரு மாதம் தனியாகப் போராடுவது பெருமை அல்ல. எங்கே தடுக்கிறது என்று மாணவர் சொல்லத் தெரிந்துகொண்டால் ஆசிரியரின் பத்து நிமிடம் போதும்.

முதல் மாதம் முப்பது பேர், மூன்றாவது மாதம் எட்டுப் பேர். வகுப்புக்குத் தொடர்ந்து எப்படி வரவைப்பது?

வராதவர்களின் வீட்டுக்குப் போய்க் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் நேரம் ஒத்துவராது, இல்லையென்றால் படிப்பது எதற்கும் உதவுவதாகத் தெரியாது. புதுக்கோட்டையில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். வேலைக்கும் சந்தைக்கும் தண்ணீருக்கும் யார் துணையும் இல்லாமல் போய்வர முடிந்தது. கற்றது மறுநாளே கைக்கு உதவினால் ஆள் வருவார்கள். நேரத்தையும் அவர்களே குறிக்கட்டும், இரவு எட்டரை என்றாலும் சரி.

பத்தாவது படிக்கும் பையன் என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அவனையே உட்கார வைத்து ஒரு பாடம் சொல்லித்தரச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்கிறவன் சிரிக்க மாட்டான்.

அம்மாவுக்காகக் கேட்கிறேன். 61 வயது. “மாத்திரை அட்டையைப் படிக்கத் தெரிஞ்சா போதும், வேற எதுவும் வேண்டாம்” என்கிறார். இதற்கென்று வகுப்பு இருக்கிறதா?

தனி வகுப்பு எதற்கு, வீட்டிலேயே தொடங்குங்கள். அது போதும் என்று அம்மா சொன்னால் அதுவே பாடத்திட்டம். அகரவரிசையில் இருந்து ஆரம்பித்து அலுப்பூட்டாதீர்கள். அட்டையில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் இருக்கும். அதனால் மாத்திரைப் பெயரின் முதல் மூன்று எழுத்து, பக்கத்தில் இருக்கும் மில்லிகிராம் எண், காலாவதி மாதம், வருடம், இவை முதலில். அடுத்து மருந்துச் சீட்டில் 1-0-1 என்றால் காலையும் இரவும், மதியம் இல்லை என்பது. தினம் மாத்திரையை அம்மாவே எடுத்துவைக்கட்டும். வாயில் போடும் முன் நீங்கள் ஒருமுறை சரிபாருங்கள். தேதி அச்சிட்ட முனையை விட்டுவிட்டு, எதிர் முனையில் இருந்து மாத்திரையைப் பிரிக்கப் பழக்குங்கள். அப்போதுதான் கடைசி மாத்திரை வரை தேதி அட்டையிலேயே இருக்கும்.