பல்சக்கரம் இருக்கட்டும், உள்பாவாடை எங்கே?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்டீம்பங்க் உடைகளைப் பற்றியவை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நீராவி இயந்திரமே இன்றுவரை உலகை ஆண்டுகொண்டிருந்தால் மனிதர்கள் எப்படி உடுத்தியிருப்பார்கள் என்று கற்பனை செய்து தைப்பதுதான் ஸ்டீம்பங்க். 1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற எழுத்தாளர் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் பாதி விளையாட்டாக வைத்த பெயர் அது. உடைக்கு அடித்தளம், விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலம்.

கேள்வி: ஆசையாக ப்ரோகேடு என்ற பூவேலை நெசவுத் துணியில், இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கார்செட் தைத்தேன். பின்பக்க நாடாவை இழுத்துக் கட்டியதும் இடுப்பில் கசங்கி மடிந்துவிட்டது. நாடா கோக்கும் உலோக வளையங்களான ஐலெட்டுகளில் மூன்று பிய்ந்து கையோடு வந்துவிட்டன. எங்கே தவறினேன்?

மேல்துணியின் பெயரைச் சொன்னீர்கள், உள்துணியைப் பற்றி மூச்சுவிடவில்லை. தவறு அங்கேதான். ப்ரோகேடு கண்ணுக்கு, இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் துணி. கூட்டில் என்று ஒரு பருத்தித் துணி கார்செட்டுக்காகவே நெய்யப்படுகிறது. மீன்முள்ளைப் போன்ற நெசவு. எந்தப் பக்கம் இழுத்தாலும் நீளாது. அது கிடைக்காவிட்டால் நெருக்கமாக நெய்த கெட்டியான டிரில் போதும். வாங்குமுன் துணியை மூலைவாட்டத்தில் இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது, இடுப்பு மிகக் குறுகும் இடத்தில் நீளாத பருத்தி நாடா ஒன்றை இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே, முன்னிருந்து பின்வரை வைத்துத் தைக்க வேண்டும். இழுவையை அந்த நாடா வாங்கிக்கொள்ளும், தையல்கள் தப்பிக்கும். இதை விட்டுவிட்டுத்தான் பலரும் நூலைக் குறை சொல்கிறார்கள்.

ஐலெட் வரிசையின் இரு பக்கமும் ஒவ்வொரு தட்டை எஃகுப் பட்டை ஓட வேண்டும். அது இல்லாமல் ஐலெட் அடித்தால் துணி கொத்தாகச் சுருங்கும். துளையைக் கத்தரியால் வெட்டாதீர்கள். கூர் ஊசியால் குத்தி, இழைகளை அறுக்காமல் விலக்கி, அந்த வழியில் ஐலெட்டை நுழையுங்கள். பின்புறம் வளையத் தகடு உள்ள இரண்டு துண்டு ஐலெட்டுகளே பிய்யாமல் நிற்கும். பக்கவாட்டு வளைவுகளுக்குச் சுருள் எஃகுப் பட்டை நல்லது. அது இரு பக்கமும் வளையும்.

இவ்வளவுக்கும் முன்னால், காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்து உடலில் போட்டுப் பாருங்கள். நாடாவைக் கட்டியபின் முதுகில் 5 செ.மீ. இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தெரிய வேண்டும். மேலே விரிந்து கீழே குறுகினால் வெட்டில் பிழை. மாதிரி தைக்கச் சோம்பல்பட்டு நான் பாழாக்கிய பட்டுத் துணிகளின் கணக்கை இங்கே எழுதப்போவதில்லை.

ஒரு சொந்தக் கதை மட்டும். என் முதல் கார்செட்டில் எஃகுப் பட்டைகளின் முனைகளுக்கு மூடி போடவில்லை. ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன்; ஒரு முனை துணியைக் கிழித்துக்கொண்டு விலாவில் இறங்கியது. முனைக்கு மூடி போட அன்று கற்றேன். முதலில் ஷூ, பிறகு கார்செட் என்ற வரிசையையும் அன்றே கற்றேன்.

கேள்வி: பின்னால் எழும்பி நிற்கும் பாவாடை தைத்தேன். படத்தில் இருப்பதுபோல் நிற்காமல் தொங்குகிறது. கஞ்சி போட்டால் சரியாகுமா?

ஆகாது. அந்த எழுச்சி பாவாடையில் இல்லை, அதற்குள் இருக்கிறது. 1850களின் பிற்பாதியில் எஃகு வளையங்கள் கோத்த கிரினோலின் கூண்டு வந்தது. சுற்றிலும் மணி போல் விரியும். 1870 வாக்கில் அந்த விரிவு முழுவதும் பின்பக்கம் ஒதுங்கிற்று. அதுதான் பஸில். அந்தப் பத்தாண்டின் கடைசியில் வற்றிப்போய், 1880களில் மறுபடியும் அலமாரிப் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு வந்தது. உங்கள் படம் இந்த இரண்டாவது வகை என்று ஊகிக்கிறேன்.

முதலில் அரைவட்ட எஃகு வளையங்களைப் பட்டிகளில் செருகி ஒரு பஸில் தையுங்கள். அதன் இரு ஓரங்களையும் உள்பக்கமாக நாடாவால் இழுத்துக் கட்டினால் வளையங்கள் பின்னோக்கி வளையும். மேலே ஃப்ரில் வைத்த உள்பாவாடை ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் வளையத்தின் கோடுகள் விலா எலும்பு போல வெளியே தெரியும். பாவாடையின் நீளத்தை இவற்றையெல்லாம் கட்டிக்கொண்ட பிறகுதான் அளக்க வேண்டும். பின்பக்க நீளம் முன்பக்கத்தைவிடக் கையளவு கூடுவதைப் பார்ப்பீர்கள். அந்தக் கையளவை நீங்கள் விட்டிருக்கமாட்டீர்கள் என்பது என் சந்தேகம்.

கேள்வி: ஸ்டீம்பங்க் என்றால் பழுப்பு நிறம்தானா? எனக்கு ஊதா பிடிக்கும்.

தாராளமாக ஊதா! பழைய புகைப்படங்கள் பழுப்பாக இருப்பதால் அந்தக் காலமே பழுப்பாக இருந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். 1856இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். மருந்து வரவில்லை, குடுவையில் ஊதாச் சாயம் நின்றது. மாவின் என்று பெயர் பெற்ற அந்தச் சாயத்துக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்கைச் சாயங்கள் வந்தன. கண்ணைப் பறிக்கும் ஊதா, மஜெந்தா, பச்சை என்று விக்டோரியா காலத்துப் பெண்கள் அடக்கமே இல்லாமல் உடுத்தினார்கள். ராணி மட்டும் 1861இல் கணவர் இறந்தபின் கடைசிவரை கறுப்பிலேயே இருந்தார்.

நீராவியும் வேதியியலும் சேர்ந்து பெற்ற நிறம் ஊதா. அதைவிட ஸ்டீம்பங்க்குக்குப் பொருத்தமான நிறம் எனக்குத் தெரியவில்லை. பழுப்பைத் தோல் பெல்ட்டுக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஜிப் வைக்கலாமா?

விட்கோம்ப் ஜட்சன் 1893இல் காப்புரிமை பெற்றது ஷூக்களுக்கான கொக்கிச் சங்கிலி. இன்றைய பற்கள் உள்ள ஜிப் 1913இல் கிடியன் சண்ட்பேக்கின் கையில் உருவானது. எனவே சரித்திரப்படி கூடாது. கற்பனைப்படி? பட்டியின் அடியில் ஒளித்து நானும் வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் மறுப்பேன்.

கேள்வி: தொப்பியில் பசை போட்டு ஒட்டிய பல்சக்கரங்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. எந்தப் பசை நல்லது?

ஊசிதான் நல்லது. சக்கரத்தின் நடுத்துளை வழியாகப் பட்டனைப் போலத் தைத்து, உள்பக்கம் சிறு தோல் துண்டு வைத்து முடிச்சிடுங்கள். பித்தளை கனம், நாலைந்து சேர்ந்தால் தொப்பி நெற்றியில் இறங்கும். கெட்டி ஃபோமில் வெட்டி, கறுப்புச் சாயம் அடித்து, காய்ந்தபின் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் பித்தளை நிறத்தை விளிம்புகளில் மட்டும் தடவினால் பழைய உலோகம் போலவே தெரியும்.

அது கிடக்கட்டும். அந்தச் சக்கரங்கள் எதைச் சுழற்றுகின்றன? ஒரு சக்கரத்தின் பல் இன்னொன்றில் பதிய வேண்டும். கடைசிச் சக்கரம் எதையாவது அசைக்க வேண்டும், கண்ணாடி வில்லையையோ, சிறு கடிகாரத்தையோ. நிஜமாக அசையாவிட்டாலும் அசையும் என்று நம்பும்படி வையுங்கள். எதிலும் பதியாத சக்கரம் எனக்கு அப்பளம் ஒட்டியதுபோல்தான் தெரிகிறது.

கேள்வி: இத்தனையும் சரி, கைப்பேசியை எங்கே வைப்பது?

இந்த மாதத்தின் மிக நல்ல கேள்வி. சாட்டலேன் என்று ஒன்று உண்டு: இடுப்பில் மாட்டும் கொக்கி, அதிலிருந்து சங்கிலிகளில் தொங்கும் கத்தரி, விரலுறை, ஊசிப்பெட்டி, சாவி. தைக்கிறவர்களுக்கு இதைவிட அழகான அணி கிடையாது. ஒரு சங்கிலியில் தோல் உறை தைத்து மாட்டினால் கைப்பேசி அதில் அடங்கும். உறையின் மூடிக்குப் பித்தளைப் பட்டன்.

இன்னொரு வழி, நாடா வைத்த பையைப் பாவாடைக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு, பக்கத் தையலில் ஒரு பிளவு விடுவது. மூன்றாவது வழி பஸிலின் மடிப்புகளுக்குள் பை வைப்பது. இடம் தாராளம், வெளியே தெரியவே தெரியாது. நான் அப்படித்தான் வைத்தேன். அதை மறந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். திரை மாற்ற ஆன செலவில் இன்னொரு பஸில் தைத்திருக்கலாம்.